கூண்டில் ஏறிய சாட்சி: மதுரையில் சுவிசேஷ விசுவாசத்தோடு பொதுவாழ்வில் நடப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சபைகளில் நாம் மிகுதியாகப் புழங்கும் சொற்களில் ஒன்று ‘சாட்சி’. ஆராதனையில் ஒருவர் எழுந்து நின்று தமக்கு வேலை கிடைத்ததையோ நோய் நீங்கியதையோ சொன்னால் அது சாட்சி. குடித்துத் திரிந்தவர் குடியை விட்டு ஒழுங்காகக் குடும்பம் நடத்தினால் ‘நல்ல சாட்சியோடு இருக்கிறார்’ என்கிறோம். நானோ முப்பது ஆண்டுக் காலம் நீதிமன்ற ஊழியனாக, நீதிபதியின் மேடைக்குக் கீழே கட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இதே சொல்லை வேறொரு பொருளில் நாள்தோறும் கேட்டுவந்தவன். கூண்டில் ஏறுகிற சாட்சிக்குச் சில விதிகள் உண்டு. தான் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டதைச் சேர்க்கக் கூடாது. சொல்வதற்குக் கூலி வாங்கவோ கேட்பவருக்குக் கூலி கொடுக்கவோ கூடாது. குறுக்கு விசாரணைக்கு முகம் சுளிக்காமல் நிற்க வேண்டும். தீர்ப்பு எழுதும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஓய்வு பெற்ற பிறகு யோசித்துப் பார்த்தால், சபைக்கு வெளியே கிறிஸ்தவனாக வாழ்வதற்கு எனக்குத் தெரிந்த எல்லாமே இந்த விதிகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

சுவிசேஷ விசுவாசம் என்று நான் சொல்வது சபைப் பிரிவின் பெயரை அன்று. வேதத்தின் அதிகாரம், சிலுவையில் கிடைத்த மீட்பு, ஒருவர் தாமே மனந்திரும்பிப் புதிதாய்ப் பிறத்தல், அந்த நற்செய்தியைப் பிறருக்கும் சொல்லும் கடமை ஆகிய நான்கையும் விட்டுக்கொடுக்காதவர்களின் விசுவாசம் அது. தென்னிந்தியத் திருச்சபையிலும் இருப்பார்கள், தெருமுனைப் பெந்தெகொஸ்தே சபையிலும் இருப்பார்கள். ‘நமக்கு ஆத்துமாதான் முக்கியம், ஊர் விவகாரம் எதற்கு’ என்று நம்மில் பலர் இன்னும் பேசுவதுண்டு. 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உலகச் சுவிசேஷத் தலைவர்கள் கூடி வெளியிட்ட உடன்படிக்கையின் ஐந்தாம் பகுதி, நற்செய்தி அறிவித்தலும் சமூக, அரசியல் பொறுப்பும் ஆகிய இரண்டுமே கிறிஸ்தவக் கடமையின் பகுதிகள் என்று சொல்லி அந்த விவாதத்துக்கு விடை தந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பேசுவதை ஆறாவதாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

படி 1: நீங்கள் நிற்கும் தெருவின் நினைவை அறியுங்கள்

கிறிஸ்தவம் என்றதும் உங்கள் அண்டை வீட்டார் நினைவில் எது எழுகிறது என்று தெரியாமல் வாயைத் திறப்பது, வழக்குக் கட்டைப் படிக்காமல் வாதாட எழுவதற்குச் சமம். 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். அந்நிய மதம் என்ற சுவரை உடைக்க அவர் எடுத்த முயற்சி பெரிது. ஆனால் சாதி என்ற சுவரை அவர் தொடவில்லை. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் அந்த இரண்டாம் சுவரோடு நேரடியாக மோதியது. 1847இல், மிஷனின் ஊழியர்கள் சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக அனைவரோடும் ஒரே பந்தியில் உணவருந்த வேண்டும் என்று அது வற்புறுத்தியபோது, மறுத்து வெளியேறியவர்களும் இருந்தார்கள். 1881இல் பசுமலையில் தொடங்கி 1904இல் மதுரை நகருக்கு வந்த அமெரிக்கன் கல்லூரி, 1948இல் கேட்டி வில்காக்ஸ் தொடங்கிய லேடி டோக் கல்லூரி, கீழவெளி வீதியின் மிஷன் மருத்துவமனை ஆகியவற்றை மதுரைக்காரர் எவரும் அந்நியமாக நினைப்பதில்லை.

ஆக, நம்மைப் பற்றி இந்த நகரத்தில் குறைந்தது மூன்று நினைவுகள் இருக்கின்றன: படிப்பும் மருந்தும் கொடுத்தவர்கள், வெள்ளைக்காரனோடு வந்தவர்கள், சாதி இல்லை என்று சொல்லிக்கொண்டு அதைச் சபைக்குள் வைத்திருப்பவர்கள். உங்கள் தெருவில் எது ஓங்கி நிற்கிறது என்பதை நீங்களாக ஊகிக்காமல், டீக்கடையில் உட்கார்ந்து, ஒரு மாதம் பேசாமல் கேளுங்கள். இதைவிடக் கடினமான ஊழியத்தை நான் கண்டதில்லை.

படி 2: முதலில் வீட்டையும் சபையையும் விசாரியுங்கள்

வெளியே நிற்பவர்கள் நம்மைக் குறுக்கு விசாரணை செய்தால் முதலில் எடுக்கும் கேள்வி சாதிதான். ‘உங்களுக்குள் சாதி இல்லை என்கிறீர்களே, பிறகு ஏன் மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயருக்குப் பின்னால் சி.எஸ்.ஐ. என்றோ ஆர்.சி. என்றோ போடுகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலேயே பிரிவினை இருக்கிறது. உயிர்த்தெழுதல் நாளில் இவர்கள் தனித்தனி வரிசையில் எழுந்திருப்பார்கள் போலும். கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று கலாத்தியர் நிருபம் 3ஆம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லும் குடும்பம், மகளின் கல்யாணப் பேச்சு வந்தவுடன் அந்த அதிகாரத்தை மூடி வைத்துவிடுவதை நான் என் உறவினர் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். பொதுவாழ்வில் நீதி பேச விரும்புகிறவர் இந்த ஆண்டுக்குள் செய்ய வேண்டிய முதல் வேலை, தம் வீட்டுப் பிள்ளைகளிடம் ‘சாதி பார்த்து உனக்குத் துணை தேட மாட்டோம்’ என்று வாய்விட்டுச் சொல்வதும், அதைக் கேட்டு முகம் மாறுகிற உறவுகளைத் தாங்கிக்கொள்வதும் ஆகும்.

வரதட்சணை இரண்டாவது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். குறைந்த அளவு ஐந்து ஆண்டுச் சிறையும், 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இவற்றில் எது அதிகமோ அந்தத் தொகை அபராதமும் உண்டு. நம் சபைகளில் திருமணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறுகள் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கிறோம். ஓலை எழுதிக்கொள்ளும் நாளிலேயே ஆயர் இரு வீட்டாரையும் உட்காரவைத்து, நகை, பணம், வண்டி என்று என்ன பேசினீர்கள் என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் காணிக்கை குறையும் என்ற அச்சம் குருக்களுக்கு உண்டு. அந்த அச்சத்தைப் போக்க வேண்டியவர்கள் சபை மூப்பர்களே.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் தகுதிதான் கிடைக்கிறது. ஞானஸ்நானம் பெற்று ஞாயிறுதோறும் திருவிருந்து எடுத்துக்கொண்டு, சான்றிதழில் மட்டும் இந்து என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இத்தகைய கோரிக்கையை அரசியலமைப்பின் மீதான மோசடி என்றே குறிப்பிட்டது. உண்மை பேச வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் பையனிடம் ‘வேலையை இழந்தாலும் உண்மை பேசு’ என்று மேடையிலிருந்து எளிதாகச் சொல்லும் வசதி படைத்த கிறிஸ்தவர்கள், அந்த ஆணையை மாற்றக் கோரி ஒரு மனுவிலாவது கையெழுத்திட்டிருக்கிறார்களா, அந்தப் பையனின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கையாவது ஏற்றிருக்கிறார்களா என்று கேட்க விரும்புகிறேன். பாரத்தைப் பங்கிடாமல் உண்மையை மட்டும் கேட்கிற சபையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

படி 3: வேலை செய்யும் இடத்தில்

மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை எடை போடுபவருக்கும், நெல்பேட்டையில் கடை வைத்திருப்பவருக்கும், தாலுகா அலுவலகத்தில் கோப்பு நகர்த்துபவருக்கும் விசுவாசத்தின் முதல் தேர்வு எடையும் ரசீதும் கையூட்டுமே. இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கையூட்டு வாங்காத ஊழியர், அதன் பெருமையில் மனுதாரரைக் காக்க வைப்பவராகவும் சிடுசிடுப்பவராகவும் ஆகிவிடுகிறார். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். ‘பணம் கொடுத்தால் இரண்டு நாளில் முடியும், இவரிடம் போனால் இரண்டு மாதம்’ என்ற பெயர் நமக்கு வந்துவிட்டால், நேர்மைக்கே கெட்ட பெயர் தேடித்தந்தவர்கள் நாமாவோம். அரசு ஊழியர்கள் நாற்காலியில் இருந்துகொண்டு மனுதாரரிடம் நற்செய்தி பேசுவதையும் விட்டுவிட வேண்டும். உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர் உங்கள் பேச்சை மனமாரக் கேட்பதில்லை, வேறு வழியின்றிக் கேட்கிறார்.

ஆயுத பூஜை வேறு வகைச் சிக்கல். பட்டறையிலும் அலுவலகத்திலும் முதல் நாளே தூசு தட்டி, கழுவி, எந்திரத்துக்கும் கணினிக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்பார்கள். புதிதாக இரட்சிக்கப்பட்ட இளைஞர்கள் அன்றைக்கு விடுப்பு எடுத்து ஒளிந்துகொள்வதுண்டு. ஒளிய வேண்டியதில்லை. ஒரு வாரம் முன்பே மேலாளரிடமோ மூத்த தொழிலாளியிடமோ தனியே சென்று, ‘அண்ணே, பூஜையில் நான் சேர்ந்துகொள்ள முடியாது, என் நம்பிக்கை அப்படி, ஆனால் சுத்தம் செய்கிற வேலை எனக்குக் கொடுங்கள், துப்புரவுப் பணியாளர்களுக்கு இனிப்பு வாங்குகிற செலவில் என் பங்கும் இருக்கட்டும்’ என்று சொல்லுங்கள். அன்று வந்து, பூஜை நேரத்தில் மரியாதையாக ஒதுங்கி நில்லுங்கள். பாபிலோனின் அரண்மனையில் தானியேல் செய்தது இதுதான்: மேற்பார்வையாளனிடம் தயவாகப் பேசி, மாற்று வழி ஒன்றைத் தானே சொன்னார், வேலையை விட்டு ஓடவுமில்லை, விருந்து மேசையைக் கவிழ்க்கவுமில்லை.

பொரியைச் சாப்பிடலாமா என்ற கேள்வி எங்கள் வீட்டிலேயே தீரவில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களில், விக்கிரகம் ஒன்றுமில்லை என்ற அறிவையும் பலவீனமான சகோதரனின் மனச்சாட்சியையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்கச் சொல்கிறார். பொதுவாக நீட்டினால் நான் வாங்கிக்கொள்வேன். ‘சாமிக்குப் படைத்தது’ என்று சொல்லிக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்பேன். என் மனைவி எப்படிக் கொடுத்தாலும் வாங்குவதில்லை. இருவரும் ஒரே சபையில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம்.

படி 4: சித்திரையிலும் ஊர்த் திருவிழாவிலும்

சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் வைகையில் இறங்கும்போது தல்லாகுளமும் கோரிப்பாளையமும் ஆழ்வார்புரமும் மனிதத் தலைகளால் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் கைப்பிரதி கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. இன்றும் சிலர் விரும்புகிறார்கள். நான் கூடாது என்கிறேன். சட்டம் தடுக்கிறதா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் நுழைந்து அந்த மாப்பிள்ளை சரியில்லை என்று துண்டுத்தாள் கொடுப்பவரை நாம் என்ன சொல்வோம்? அந்த நாளில் நாம் செய்யக்கூடியது தண்ணீர் கொடுப்பது. வெயிலில் நடந்து வருகிறவருக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவது மதுரையின் பழைய தர்மம். அதில் சபையின் பெயர்ப் பலகையோ வசனமோ இல்லாமல் ஒரு பந்தல் போடுங்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற மலைப் பிரசங்க வாக்கியத்துக்கு இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. பெயரே போடாவிட்டால் எப்படிச் சாட்சியாகும் என்று ஒரு வாலிபர் கூட்டத்தில் கேட்டார்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் போட்டால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்றேன்.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் சிக்கல் வேறு. கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். கிறிஸ்தவக் குடும்பம் கொடுக்க மறுத்தால் பேச்சுவார்த்தை அறுந்து, தண்ணீர்க் குழாய் வரைக்கும் பகை வரும். வழிபாட்டுக்கான வரியைச் செலுத்தும்படி எவரையும் ஊர் கட்டாயப்படுத்த முடியாது என்பது சட்டம். ஆனால் சட்டத்தை முதல் நாளே எடுத்து நீட்டுகிறவர் அந்த ஊரில் நெடுநாள் வாழ நினைக்கவில்லை என்று பொருள். ஊர்ப்பெரியவரை வரி போடுவதற்கு முன்பே பார்த்து, அதே தொகையை, முடிந்தால் அதற்கு மேலும், கண்மாய் மராமத்துக்கோ பள்ளிக்கூடச் சுவருக்கோ கொடுக்கிறேன் என்று கூறுங்கள். ஊரை விட்டு விலகுவதற்காக மறுக்கவில்லை என்பதைப் பணத்தால் காட்டிய பிறகு சொல்லும் மறுப்பை ஊர் வேறு விதமாகக் கேட்கும். சிறைப்பட்டுப்போன பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எரேமியா 29ஆம் அதிகாரத்தில் எழுதியது பாபிலோனுக்குத்தான். சொந்த ஊருக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

படி 5: ஒலிபெருக்கியைக் குறையுங்கள்

இதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. சென்னையில் ஒரு சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் நடந்த வழக்கில், பிறருடைய அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் அளவே வரம்பு; ஒலிபெருக்கிக்கு எழுத்து வழி அனுமதி வேண்டும்; இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் கூடாது. மற்ற மதத்தார் மீறவில்லையா என்ற பதில் நீதிமன்றத்திலும் எடுபடாது, தெருவிலும் எடுபடாது. வேதத்தில் எலியா, பாகால் என்ற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளைப் பார்த்து, உங்கள் தெய்வம் தூங்குகிறதோ என்னவோ, உரத்துக் கூப்பிடுங்கள் என்று கேலி செய்ததை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படி 6: இப்போது பேசுங்கள்

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ‘பரப்ப’ என்ற சொல் எளிதில் வந்ததன்று. 1948 டிசம்பர் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதைச் சிலர் எதிர்த்தபோது, அதற்காகப் பேசியவர்களில் இருவர் தமிழ்நாட்டு இந்துக்கள்: மதுரையைச் சேர்ந்த எல். கிருஷ்ணசாமி பாரதி, மற்றவர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை என்று கிருஷ்ணமாச்சாரி அங்கே எடுத்துரைத்தார். நம் உரிமைக்கு ஆதாரமாக நின்றது நம் முன்னோர்களில் சிலர் காட்டிய அடக்கம் என்பதை எண்ணிப் பாருங்கள். 1977இல் ஸ்டேனிஸ்லாஸ் வழக்கில், பரப்பும் உரிமை என்பது தன் சமயக் கோட்பாடுகளை எடுத்துச் சொல்லும் உரிமையே தவிர, பிறரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அந்தத் தீர்ப்பை நம்மில் பலர் குறை கூறுவர். சாட்சியின் விதியோடு வைத்துப் பார்த்தால் எனக்கு அது அவ்வளவு அந்நியமாகத் தோன்றுவதில்லை. மனந்திரும்பச் செய்பவர் பரிசுத்த ஆவியானவர் என்று நாமே போதிக்கிறோம் அல்லவா?

எப்படிப் பேசுவது? பேதுரு தம் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில், விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்லுங்கள் என்கிறார். கேட்கிறவர்களுக்கு என்பது முக்கியம். கேள்வி எழும்படி வாழ்ந்துவிட்டுக் காத்திருங்கள். கேட்டால், உங்களுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். ‘அஞ்ஞானி’, ‘பிசாசு பிடித்த’, ‘இருளில் கிடக்கிற’ போன்ற சொற்களை மற்றவர் தெய்வங்களையும் வழிபாட்டையும் பற்றி வீட்டுக்குள்கூடப் பேசாதீர்கள். வீட்டில் பழகியது மேடையில் வந்துவிடும். சமய உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவில் குற்றம். அதற்கு முன்பே அது அன்புக்கு எதிரான குற்றம்.

செய்யக் கூடாதவை சில. அரிசி, கடன், பள்ளி இடம் எதையும் ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. பெற்றோர் அறியாமல் பிறர் பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அழைத்து வரக் கூடாது. மருத்துவமனைப் படுக்கையில் இருப்பவரிடம் அவரே கேட்காமல் ஜெபிக்கக் கூடாது. ஜெபித்ததால் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே கூடாது. குறிப்பிட்ட நோய்களை மந்திர முறையில் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் பிறகு சர்க்கரை நோய் மருந்தை நிறுத்தி, காலை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இன்னும் சபைக்கு வருகிறார். அன்று மேடையில் நின்றவர் அவரைப் பார்க்க வந்ததில்லை.

படி 7: குடிமகனாக இருங்கள்

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 123(3)ஆம் பிரிவின்படி, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது முறைகேடு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, வேட்பாளரின் மதத்தோடு வாக்காளரின் மதத்தையும் இந்தத் தடைக்குள் கொண்டுவந்தது. ஆகவே பிரசங்க பீடத்திலிருந்து கட்சிப் பெயர் வர வேண்டாம். வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால் எல்லோரையும்போல் பெஞ்சில் உட்காரட்டும். பொன்னாடையும் ஒலிவாங்கியும் வேண்டாம். சபை செய்யக்கூடியது, வாக்குக்குப் பணம் வாங்குவது ஏசா தன் சேஷ்டபுத்திர பாகத்தை, அதாவது மூத்த மகனுக்குரிய உரிமையை, ஒருவேளை உணவுக்கு விற்றதைப் போன்றது என்று தேர்தல் இல்லாத காலத்திலேயே போதிப்பது.

வாக்குச்சாவடியோடு முடிந்துவிடக் கூடாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அங்கே போய் உட்காருங்கள். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நாம் வாய் திறக்கும் விஷயங்களைப் பட்டியலிட்டுப் பார்த்தால், சபைக் கட்டட அனுமதி, சிறுபான்மைச் சலுகை, கிறிஸ்தவர் மீதான தாக்குதல் ஆகிய மூன்றைத் தாண்டுவதில்லை. இது கூண்டில் ஏறித் தன் சொந்த வழக்குக்கு மட்டும் சாட்சி சொல்வது போன்றது.

யானைக்கல்லில் சிலையாக நிற்கும் ஜார்ஜ் ஜோசப்பைப் பாருங்கள். செங்கன்னூரில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1887இல் பிறந்து, மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்து, 1938இல் இங்கேயே இறந்தவர். சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பட்டியலிட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை வைக்கப்பட்டு, இரவில் காவல் நிலையத்தில் அடைபட்ட கள்ளர் மக்களுக்காக அவர் வாதாடினார். அவர் பிறந்த சமூகம் அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மக்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். டி. கல்லுப்பட்டியில் கடைசிக் காலத்தைக் கழித்து 1960இல் மறைந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவும் இத்தகையவரே, இயேசுவின் போதனையைக் கிராமத்துக் கைத்தொழிலிலும் செக்கிலும் தேடியவர். இவர்கள் இருவரும் நம் சுவிசேஷ மரபுக்குள் அடங்குவார்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. நம் மரபிலிருந்து இந்த ஊர் இவர்களுக்கு நிகராக யாரை நினைவு வைத்திருக்கிறது என்ற கேள்வியைத்தான் எழுப்புகிறேன்.

படி 8: கைப்பேசியில் பொய்ச்சாட்சி சொல்லாதிருங்கள்

ஆப்கானிஸ்தானில் 22 மிஷனரிகள் நாளை கொல்லப்படப் போகிறார்கள், உடனே ஜெபியுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்ற செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஊர் ஊராகச் சுற்றும் பொய் அது. கேள்விப்பட்டதைச் சாட்சியமாகச் சொல்ல வந்தவரை நீதிபதி பாதியிலேயே நிறுத்திவிடுவார். வாட்ஸ்அப்பில் நிறுத்துவதற்கு ஆளில்லை, நாமே நிறுத்த வேண்டும். உபத்திரவம் உண்மையாகவே நடக்கும் நாட்டில் பொய் உபத்திரவச் செய்தியைப் பரப்பினால், உண்மையாக அடிபட்டவரை எவரும் நம்ப மாட்டார்கள்.

படி 9: எதிர்ப்பு வரும்போது

வீட்டு ஜெபக்கூட்டத்தை நிறுத்தச் சொல்லி ஆட்கள் வந்தால், பெண்களையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பி, மூத்தவர் ஒருவர் மட்டும் வெளியே போய்ப் பேச வேண்டும். வாக்குவாதம் வேண்டாம். யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்பதை அன்றிரவே நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் கழித்து எழுதிய வாக்குமூலம் குறுக்கு விசாரணையில் எப்படிச் சிதறும் என்று நிறையப் பார்த்திருக்கிறேன். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். வழக்கறிஞருக்கு வசதியில்லாத நிலையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர் முதலானோருக்கு அங்கே இலவசமாக உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பவுல் இராயருக்கு அபயமிட்டவர், அதாவது ரோமப் பேரரசரிடம் மேல்முறையீடு செய்தவர். ஆகவே சட்டத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்று எவரும் சொன்னால் அப்போஸ்தலர் நடபடிகள் 25ஐக் காட்டுங்கள். அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதே பரிசுத்தம் என்று போதிப்பவர்கள் பெரும்பாலும் அடி விழாத இடத்தில் வசிக்கிறார்கள்.

புகார் எழுதும் முன் இன்னொரு தாளில், நம் பக்கத்துத் தவறு ஏதும் உண்டா என்றும் எழுதிப் பாருங்கள்.

படி 10: ஆண்டுக்கு ஒருமுறை குறுக்கு விசாரணை

இது எங்கள் சந்தில் நாங்களாகக் கண்டுபிடித்த வழக்கம். ஆண்டு இறுதியில் நானும் இன்னொரு மூப்பரும், ஜெபக்கூட்டம் நடக்கும் வீட்டைச் சுற்றியுள்ள ஏழு வீடுகளுக்கும் கேக்கோடு போய், ‘எங்களால் உங்களுக்கு என்ன தொந்தரவு?’ என்று கேட்கிறோம். அவர்கள் சொல்லும்போது நாங்கள் விளக்கம் தரக் கூடாது, எழுதிக்கொள்ள மட்டும் வேண்டும் என்பது விதி. முதல் ஆண்டு எல்லோரும் ‘ஒன்றுமில்லை சார்’ என்று கேக்கை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் ஆண்டில், எதிர் வீட்டு மீனாட்சி பக்தர், மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கதவைச் சாத்தப் போனவர் நின்றார்.

“கோவிச்சுக்கிறாதீங்க அண்ணே. பாட்டெல்லாம் நல்லாத்தேன் இருக்கு, எங்க வீட்ல அது கூடவே பாடுது. வண்டியத்தேன் எங்க வாசல்ல விட்டுப்புட்டுப் போயிர்றாங்ய. ஞாயித்துக்கிழமையானா எங்கம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வீல் சேரு வெளிய வர மாட்டேங்குது. பதிமூணு வருசமா இதேன்.”

பதிமூன்று ஆண்டுகளாக நாங்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் ஆத்தும ஆதாயத்துக்காக ஜெபிக்கப் போயிருக்கிறோம். அடுத்த ஞாயிறு முதல் வண்டிகள் ரேஷன் கடைக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிற்கின்றன. வாலிபர்களில் ஒருவர் முறை வைத்துச் சந்தின் முனையில் நின்று, தெரியாமல் உள்ளே வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறார்.